பிளேக் முதல் கொரோனா வரை – மும்பை கண்ட பயமும் தடுப்பூசியும்

ஊரிலிருந்து வரும் உறவினர் ஒருவரையாவது பரேல் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகாத மும்பைத் தமிழர் குடும்பம் அநேகமாக இருக்காது. அதே பரேலில் ஆச்சார்யா தோண்டே மார்க்கில் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்று உண்டு. வாசலில் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் என்று எழுதியிருக்கும். போலியோ சொட்டு மருந்தும் பாம்புக்கடி மருந்தும் தயாரித்த இடம் என்று நம்மில் சிலருக்குத் தெரியும். ஒரு காலத்தில் பம்பாய் கவர்னர் குடியிருந்த மாளிகை அது என்பதும், பிளேக் நோய்க்கு எதிரான தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர் அதற்குள் ஆய்வுக்கூடம் நடத்தினார் என்பதும் அதிகம் பேருக்குத் தெரியாது. எனக்கும் 2021 வரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் அந்த ஆண்டில்தான் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2020 மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தபோது நம் வீடுகளில் எழுந்த கேள்விகளை நினைத்துப் பாருங்கள். "பால் பாக்கெட்டில் ஒட்டிக்கிட்டு வருமா?" "பேப்பரை நிறுத்திடலாமா?" "லிஃப்ட் பட்டனை எதால அழுத்தறது?" அடுத்த வருடம் தடுப்பூசி வந்ததும் கேள்விகள் மாறின. "ஊசி போட்டா ஜுரம் வருதாமே?" "ஊசி போட்டவங்களுக்கும் வந்துச்சாமே, அப்புறம் எதுக்கு?" "போட்ட மறுநாள் ஒருத்தர் போயிட்டாராமே?" இவை நம் தலைமுறையில் முளைத்த கேள்விகள் என்றுதான் நினைத்தோம். ஆனால் இதே ஊரில், நாம் நடமாடும் இதே தெருக்களில், 1896 இலும் 1897 இலும் மக்கள் இவற்றை ஏறக்குறைய வரிசை மாறாமல் கேட்டிருக்கிறார்கள்.

மண்ட்வியில் தொடங்கியது

1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மண்ட்விப் பகுதியில் கடும் ஜுரம் கண்டு, தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டி, சில நாட்களிலேயே ஆட்கள் இறந்தார்கள். கோவாவில் பிறந்து பம்பாயில் மருத்துவம் பார்த்து வந்த டாக்டர் அகாசியோ வியேகாஸ் இது பிளேக் என்று துணிந்து சொன்னார். 1894 இல் ஹாங்காங்கில் பரவிய பிளேக் கப்பல் வழியாக இங்கே வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. மண்ட்வி தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். ஆனால் அன்று எலியைப் பெரிதாக எண்ணியவர்கள் குறைவு. கெட்ட காற்றும், மண்ணில் ஊறிய அழுக்கும், இருட்டு அறைகளும்தான் நோயைக் கொண்டுவருகின்றன என்பது அக்கால நம்பிக்கை. ஆகவே நகராட்சி சாக்கடைகளில் கடல்நீரையும் கார்பாலிக் அமிலத்தையும் பாய்ச்சியது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெயில் உள்ளே விழட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். சாக்கடையில் இருந்த எலிகள் என்ன செய்யும்? வீடுகளுக்குள் ஏறின. எலி சாகும்போது அதன் மேல் இருந்த தெள்ளுப்பூச்சி மனிதனைத் தேடி வந்தது.

தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898 இல் கராச்சியில் சோதனை செய்து காட்டினார். அவரைப் பலர் நம்பவில்லை. 1905 க்குப் பிறகு பரேல் ஆய்வுக்கூடத்தில் நடந்த விரிவான சோதனைகள்தாம் அதை உறுதி செய்தன. அதுவரை இந்த நகரம் தவறான பொருளைக் கழுவிக்கொண்டிருந்தது.

நாமும் அப்படித்தானே செய்தோம்! பால் பாக்கெட்டைச் சோப்பு நீரில் முக்கினோம், கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம், ரூபாய் நோட்டை இஸ்திரி போட்டவர்களும் உண்டு. பிளாஸ்டிக் மேல் கிருமி சில நாட்கள் தங்குகிறது என்று ஆய்வகத்தில் கண்டது உண்மையே. ஆனால் தங்குவது வேறு, அதிலிருந்து ஒருவருக்கு நோய் தொற்றுவது வேறு. கொரோனா முக்கியமாக மூச்சு வழியாகவே பரவியது. மூடிய அறையில் ஒருவர் பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் புகை போல அங்கேயே மிதந்து நின்றன. "காற்றில் பரவும் நோய் அல்ல" என்று 2020 மார்ச் மாதத்தில் உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. நுண்துளிகள் பற்றி அது தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் கடைசியில்தான். அதற்குள் நம் சொசைட்டிகளில் வாட்ச்மேன்கள் லிஃப்ட்டுக்கு ஓராண்டு மருந்து தெளித்திருந்தார்கள். அதே லிஃப்டில் நான்கு பேர் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு அரட்டை அடித்துக்கொண்டு போனோம்.

இதற்காக நம்மையோ 1896 ஆம் ஆண்டு நகராட்சியையோ கேலி செய்ய வேண்டியதில்லை. தெரிந்த அளவில்தான் செய்ய முடியும். கோபம் வருவது வேறு விஷயத்துக்கு. தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துச் சொன்னார்கள். பிறகு மாற்றிச் சொன்னபோது, "முதல்ல ஒண்ணு சொன்னாங்க, இப்ப ஒண்ணு சொல்றாங்க" என்று மக்கள் எதையுமே நம்பாமல் போனார்கள்.

காற்றுக்காகப் போட்ட தெருக்கள்

பிளேக் நம் பகுதிகளின் உருவத்தையே மாற்றியது. 1898 இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலான சால்களை இடித்து, கடற்காற்று ஊருக்குள் புகும்படி அகலமான சாலைகள் போட்டார்கள். பிரின்ஸஸ் ஸ்ட்ரீட்டும் இன்று முகம்மது அலி ரோடு என்று வழங்கும் சாலையும் அப்படி வந்தவை. நகரின் வடக்கே தாதர்–மாதுங்காத் திட்டம் வகுக்கப்பட்டது. கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் இடைவெளி, மரங்கள், தோட்டங்கள் என்று அமைந்த அந்த மாதுங்காவில்தான் பிற்பாடு தென்னிந்தியக் குடும்பங்கள் வந்து குடியேறின. 1932 இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் அங்கேதான். மறுபக்கம் இடிக்கப்பட்ட சால்களில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? இன்னும் நெரிசலான இடங்களுக்குத்தான். அதே காலத்தில் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களுக்குத் தாராவியில் காற்றோட்டம் பற்றி யாரும் திட்டம் போடவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. பம்பாயில் அதிகம் கண்ட நெறிகட்டுப் பிளேக்கைத் தடுக்கக் காற்றோட்டம் பெரிதாக உதவாது. எலியும் தெள்ளுப்பூச்சியும் காற்றைப் பார்த்துப் பயப்படா. ஆனால் அன்று தவறான காரணத்துக்காகத் திறந்த ஜன்னல் 120 ஆண்டுகள் கழித்துச் சரியான காரணத்துக்காகத் தேவைப்பட்டது. 2020 ஜூலையில் மாதுங்கா, செம்பூர், தஹிசர் ஆகிய மூன்று வார்டுகளில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குக் கொரோனா வந்து போன அடையாளம் இருந்தது. மற்றக் குடியிருப்புகளில் 16 சதவீதம் மட்டுமே. ஒரே வார்டு, ஒரே மழை, ஒரே ஊரடங்கு! வித்தியாசம் அறையின் அளவும், பொதுக் கழிப்பறையும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதியும்தான்.

தாராவி அந்தக் கணக்கெடுப்பில் இல்லை. அங்கே 2020 ஏப்ரல் 1 அன்று முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே இறந்தும் போனார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் பல இலட்சம் மக்கள், பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பறைதான். வீட்டுக்குள் தனிமைப்படுத்து என்றால் எங்கே தனிமை? நகராட்சி வீடு வீடாகப் போய் ஜுரம் பார்த்தது. பள்ளிகளையும் மண்டபங்களையும் தங்குமிடமாக்கிச் சாப்பாடு போட்டது. அங்கேயே கிளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்களையும் சேர்த்துக்கொண்டது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே பாராட்டினார். பலர் ஊருக்குப் போய்விட்டதும் எண்ணிக்கை குறைய ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் முன்பின் தெரியாத வண்டி வந்து தூக்கிக்கொண்டு போவதற்கும், தெரிந்த டாக்டர் வந்து "வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. பிளேக் காலத்தில் அந்தத் தூரம்தான் இரத்தக்களரியில் முடிந்தது.

ஓடியவர்களும் ஒளித்தவர்களும்

1891 கணக்கெடுப்பின்படி பம்பாயில் இருந்தவர்கள் சுமார் 8.2 இலட்சம் பேர். 1897 தொடக்கத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேர் ரயிலிலும் கப்பலிலும் கால்நடையாகவும் வெளியேறிவிட்டார்கள். அவர்களோடு நோயும் போயிற்று. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்கள் சட்டம் பிறந்தது. 2020 இலும் அரசுகள் கையில் எடுத்தது அதே சட்டத்தைத்தான். சென்னை மாகாணம் நோய் கண்ட பகுதிகளிலிருந்து வருபவர்களுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்துக் கண்காணித்தது. 2020 மே மாதத்தில் ஈ-பாஸ் கிடைக்காமல் நாம் பட்ட பாடும், ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் "பம்பாய்க்காரங்க வந்துட்டாங்க" என்று எதிர்வீட்டில் கதவைச் சாத்தியதும் நினைவுக்கு வருகிறதல்லவா? அவர்கள் மீது முழுப் பழியும் போட முடியாது. அந்த மாதத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கண்டறியப்பட்டவர்களில் மகாராஷ்டிரத்திலிருந்து திரும்பியவர்கள் நிறையப் பேர்தான். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கதவு சாத்தப்பட்ட நமக்கு வலியும் இருந்தது.

பிளேக் சட்டத்தின் பேரில் வீடு புகுந்து சோதித்தார்கள். நோயாளியைப் பிரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் கூட்டமாக வந்து பெண்களைச் சோதிப்பதை எந்தக் குடும்பம் பொறுக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் உடலை அறுத்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. 1896 அக்டோபர் 29 அன்று மில் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். 1898 மார்ச்சில் நெசவாளர்கள் வாழும் பகுதியில் நோயுற்ற ஒரு சிறுமியை எடுத்துப்போக வந்தபோது கலவரம் மூண்டது. புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 இரவு சாப்பேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். அதே புனேயில், அதே ஆண்டு மார்ச்சில், சாவித்திரிபாய் புலே நோயாளிகளைத் தம் மகனின் சிகிச்சை முகாமுக்குக் கொண்டுவந்து பராமரித்து, அந்த நோயாலேயே இறந்தார். இந்த இரண்டு சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தன் உடம்பில் முதல் ஊசி

வால்டெமார் ஹாஃப்கின் 1860 இல் ஒடெசாவில் பிறந்த யூதர். பாரிசில் காலராத் தடுப்பூசியை உருவாக்கி 1892 இல் தன்மேலேயே போட்டுப் பார்த்தவர். பிறகு கல்கத்தாவில் அதைப் பலருக்குப் போட்டார். 1896 அக்டோபரில் அரசு அவரைப் பம்பாய்க்கு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய இடம் கொடுத்தார்கள். மாமிசச் சாற்றில் பிளேக் கிருமியை வளர்த்தார். மேலே சில துளி நெய் விட்டால், அதைப் பிடித்துக்கொண்டு கிருமிகள் கீழ்நோக்கி விழுது விழுதாக வளர்வதைக் கண்டார். பிறகு சூடாக்கிக் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்தார். அவ்வளவுதான் தடுப்பூசி. செத்த கிருமி நோயைத் தராது. ஆனால் அதன் முகத்தை உடம்பு அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். பின்னால் உயிருள்ள கிருமி வரும்போது "இவன்தான்" என்று பிடிக்கும். கோவாக்சினும் செயலிழக்கச் செய்த கிருமியை வைத்துத்தான். (பிளேக் பாக்டீரியா, கொரோனா வைரஸ் என்ற வித்தியாசம் உண்டு, தத்துவம் ஒன்றே.) கோவிஷீல்டு வேறு வகை. தீங்கற்றதாக மாற்றிய இன்னொரு வைரஸை வண்டியாக்கி, கொரோனாவின் ஒரு பகுதியை நம் உடம்பே தயாரிக்கும்படி குறிப்பு அனுப்புவது.

1897 ஜனவரி 10 அன்று ஹாஃப்கின் தன் உடம்பில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். ஜுரம் அடித்தது, ஊசி போட்ட இடம் வலித்தது. வேலைக்குப் போனார். மறுநாள் ஜுரம் வந்ததும் "ஐயோ, நோயே வந்துடுச்சு" என்று பதறினோமே, அது உடம்பு பாடம் படிக்கும் சூடு.

அந்த மாதக் கடைசியில் பைகல்லா சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஊசி போட்டார், மீதிப்பேருக்குப் போடவில்லை. உணவு, தண்ணீர், அறை எல்லாம் இருவருக்கும் ஒன்றே. போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்கு வந்தது, இறப்பு இல்லை. கைதிகள் தாமாக முன்வந்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சிறைக்குள் இருப்பவனின் 'சம்மதம்' எவ்வளவு சம்மதம் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. இன்று அந்த முறையை எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் ஏற்காது. ஆனால் அந்தக் கணக்கு முக்கியமானது. ஊசி போட்டும் இருவருக்கு நோய் வந்தது என்பதை ஹாஃப்கின் மறைக்கவில்லை. பின்னர் பல ஊர்களில் பார்த்தபோதும் அந்த ஊசி நோய் வரும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகத்தான் குறைத்தது. வந்தவர்களில் சாவையும் குறைத்தது. "ஊசி போட்டும் வருதே" என்ற கேள்விக்கு 1897 இலேயே பதில் இருந்தது. வரலாம், ஆனால் குறைவாக வரும், வந்தாலும் கொல்வது குறையும்.

மக்கள் எப்படி வந்தார்கள்? சட்டத்தால் அல்ல. கோஜா சமூகத் தலைவர் மூன்றாம் ஆகாகான், அப்போது இருபது வயதுகூட நிறையாதவர், எல்லோர் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டார். ஒரு தடவை அல்ல, பல தடவை. தம் மாளிகை ஒன்றையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தார். அவர் சமூகத்தினர் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1899 இல் பரேல் மாளிகைக்கு ஆய்வுக்கூடம் மாறியது. 1925 இல் அதற்கு ஹாஃப்கின் பெயர் வைத்தார்கள்.

பெரியப்பா கேட்ட கேள்வி

இனி என் காரணம். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கோவாக்சின் போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17 ஆம் தேதி விடியற்காலையில் காலமானார். அன்று ஆண்டாப்ஹில்லில் எங்கள் பெரியப்பா டிவியை அணைக்கவே இல்லை. அவருக்கு 71 வயது, சர்க்கரை இருந்தது. அடுத்த வாரம் ஊசிக்குப் பெயர் பதிந்து வைத்திருந்தேன். போனில் கேட்டார்: "ஏல, ஊசி போட்ட மறுநாளே போயிட்டாரே, அதுக்கு என்ன சொல்லுத?"

நான் சிரித்தேன். "பெரியப்பா, நீங்களுமா வாட்ஸ்அப் நம்புறீங்க?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்" என்றார். மே முதல் வாரத்தில் அவருக்கு ஜுரம். படுக்கை கிடைக்க ஒரு நாள் ஆயிற்று. 19 ஆம் தேதி இறந்தார்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. முதல் ஊசி முழுமையாக வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அவருக்கு அவ்வளவு நாள் இருக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. அதற்குப் பதில் இருந்தது. நான் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அந்த ஏப்ரலில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு முப்பது இலட்சம் அளவில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் 45 வயதைத் தாண்டியவர்கள். அந்த வயதினரில் ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் பலருக்கு மாரடைப்பு வரும். ஆகவே நேற்று ஊசி போட்டவர்களில் சிலருக்கு இன்று வந்தே தீரும். பஞ்சாங்கம் பார்த்து ஊருக்குக் கிளம்பிய நாளில் மழை பெய்தால் பஞ்சாங்கமா மழையைக் கொண்டுவந்தது? விவேக்கின் இதயத்தில் முக்கியமான இரத்தக்குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தக் குழாயில் படியும் கொழுப்பு ஒரே இரவில் சேர்வது அல்ல, ஆண்டுக்கணக்கில் சேர்வது. தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து, அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் முடிவு சொன்னது. ஆறு மாதம் கழித்து வந்த பதில்! சந்தேகம் ஒரு மணி நேரத்தில் ஊர் சுற்றிவிட்டது.

அப்படியானால் ஊசியால் வந்ததா, தானாக வந்ததா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? பைகல்லா சிறையில் செய்தது போலத்தான். போட்டவரையும் போடாதவரையும் ஒப்பிட வேண்டும். 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரையும், அதே வயதில் அதே பகுதிகளில் உயிரோடிருந்த 2,916 பேரையும் ஒப்பிட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: முன்பு கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, இறப்பதற்கு இரண்டு நாளைக்குள் அளவுமீறிக் குடித்தது, போதைப்பொருள், உடம்பு தாங்காத கடும் உழைப்பு அல்லது உடற்பயிற்சி.

ஊசியால் கெடுதலே வராது என்றும் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்வதும் ஒரு வகை ஏமாற்றுத்தான். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறையும் கோளாறு வந்தது உண்மை. 2021 வசந்த காலத்திலேயே ஐரோப்பாவில் அதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். பெரும்பாலும் முதல் ஊசிக்குப் பின் சில நாட்களிலிருந்து ஆறு வாரத்துக்குள் வருவது அது. 2024 இல் பிரிட்டிஷ் நீதிமன்ற ஆவணம் பற்றிய செய்தி வந்ததும், மூன்று வருடம் முன்பு ஊசி போட்டவர்கள் எல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் இந்த அரிய கோளாற்றை இங்கே ஊசி மையங்களிலேயே, எளிய தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும், அடையாளங்களோடு எழுதி ஒட்டியிருந்தால் 2024 இல் அது இடி போல விழுந்திருக்காது.

மறைத்தால் என்ன ஆகும், அவசரப்பட்டுப் பழி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாஃப்கின் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டார்கள். அவர்களில் 19 பேர் தனுர்வாதம் என்ற டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். அந்த 19 பேருக்கும் ஒரே பாட்டில் மருந்து. பம்பாயிலேயே மருந்து கெட்டுவிட்டது என்று ஹாஃப்கின் மீது பழி விழுந்தது. வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். பின்னால் தெரிந்தது என்னவென்றால், அந்தப் பாட்டிலைத் திறந்த உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்ததும், சரியாகக் கொதிக்க வைக்காமல் அதையே எடுத்துக் கார்க்கைத் திறந்ததும். ரொனால்டு ராஸ் போன்றவர்கள் வெளிப்படையாக எழுதிப் போராடினார்கள். 1907 இல்தான் அவர் பெயர் துடைக்கப்பட்டது. அந்தப் 19 குடும்பங்களுக்கு இதில் என்ன ஆறுதல்? ஊசியின் தத்துவம் தவறல்ல, போட்ட கை சுத்தமில்லை. இன்று ஒருவருக்கு ஒரு ஊசி, பிரித்ததும் போட்டு உடனே அழிப்பது என்று நர்சுகள் பிடிவாதம் பிடிப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன. ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைத்ததும் வெறும் சம்பிரதாயம் அல்ல. மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் தெரிந்துவிடும். மருந்தும் கையருகே இருக்கும்.

2021 ஜூனில் பெரியம்மாவை ஊசிக்கு அழைத்துப் போனேன். எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். நர்சிடம் மராத்தியும் தமிழும் கலந்து மூன்று கேள்வி கேட்டார். ஊசி புதுசா? பிபி மாத்திரையை நிறுத்தணுமா? ஜுரம் வந்தால் என்ன செய்ய? கேரளத்துப் பெண் அந்த நர்ஸ். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆனாலும் உறையைப் பிரித்துக் காட்டினார், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார், பாரசிட்டமால் போதும் என்றார். பெரியம்மா கையை நீட்டினார். அரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "இதைத்தானல அவர் கேட்டாரு" என்றார்.